திரையில் தெரிந்த வாய்

வெற்றிலையை யார் யாருக்கு எப்படிக் கொடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து சம்பளம் வாங்குகிற ஆள் நான். மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை. என் மாமனார் இன்றுவரை இதை நம்பவில்லை. ஆனால் மேலூரிலிருந்து சோழவந்தான் வரை வீட்டுக்கு வீடு முறை மாறும். ஒரு வீட்டில் காம்பு வாங்குகிறவர் பக்கம் இருக்கக் கூடாது; அடுத்த தெருவில் இருந்தே ஆகவேண்டும். எல்லா வீட்டுக்கும் பொதுவானவை இரண்டுதான். நீட்டிய தட்டை மறுத்தால் அந்த வீட்டையே மறுத்ததாகும். வெற்றிலையையும் பாக்கையும் சேர்த்து மாற்றிக்கொண்டால் வாக்குக் கொடுத்ததாகும்.

அதே கல்லூரியின் ஆய்வகத்தில் வாய்ப்புற்றுநோய்ச் செல்களோடு காலம் கழிப்பவன் என் நண்பன். விடுதிக் காலத்திலிருந்து ஒருவருக்கொருவர் மாப்ள. நான் வெற்றிலை வழக்கங்களை எழுத, அவன் அதே மனிதர்களின் கன்னத்து உட்புறத்தைச் சுரண்டி எடுத்து மரபணுவைப் பார்க்க, ஒரே ஆய்வாகச் செய்வோம் என்று திட்டம் போட்டோம். தொடங்கிய அன்று சோழவந்தானில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் ஓரம் நின்று விளையாட்டாக வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.

"மாத்தியாச்சு மாப்ள, இனி வார்த்தை மாறக் கூடாது" என்று சொன்னதும் அவன்தான்.

அவன் வேலையை எனக்கு அவன் விளக்கிய விதம் அழகாக இருக்கும். "செல்லுக்குள்ள ஒரு மரபணு காவக்காரன் மாதிரி. தப்பு நடந்தா சத்தம் போடுவான். அவன் கெட்டுப்போனா செல்லு இஷ்டத்துக்குப் பெருகும்."

ஊரில் யாரும் அந்நியனுக்கு வாயைத் திறந்து காட்ட முன்வரவில்லை. எல்லோருக்கும் தைரியம் வரட்டும் என்று முதல் ஆளாக நானே ஆ காட்டினேன். அவன் சுரண்டினான், படமும் எடுத்தான். "வெத்தலப் பழக்கம் உண்டா?" என்று முறைப்படி கேட்டான். "நமக்கேதுடா பழக்கம், அது வேலை" என்றேன். வீட்டுக்கு வீடு மென்றுவிட்டு எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா!

சில வாரம் கழித்து முதல் மாதிரி கெட்டுவிட்டது என்று சொல்லி இன்னொரு முறை சுரண்டினான். அதற்குக் கூலியாகப் பன்பரோட்டா வாங்கித் தந்தான். இப்படி ஒரு நண்பன் யாருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு பிற்பகல், கல்லூரிக் கருத்தரங்கில் அவன் பேசினான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் பாதி அரங்கம் கண்ணயர்ந்திருந்தது. திரையில் ஒரு வாய் தெரிந்தது. அரங்கத்தை எழுப்புவது என் பரம்பரைக் கடமை அல்லவா?

"யாரு வாய்ண்ணே அது, வண்டி போன மண் ரோடு மாதிரி?" என்று உரக்கக் கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் கீழ்வரிசையில் பாதி உடைந்த பல் கண்ணில் பட்டது. மேலூர்க் கல்யாணம் ஒன்றில் கொட்டைப்பாக்கைக் கடித்து உடைந்த பல். என் பல். அதன் பக்கத்துக் கன்னத்தில் ஒரு வெள்ளைப் படலம். அதைச் சுற்றி அவன் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். புற்றாக மாறக்கூடியது, காவல் மரபணு பழுதாகத் தொடங்கியிருக்கிறது, இரண்டு முறை எடுத்ததிலும் உறுதியானது என்று மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தான். நான் இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

கல்லூரி வாசல் டீக்கடையில் அவனை மறித்தேன்.

"எப்படா தெரியும்?"

"சித்திரையில அழகர் ஆத்துல எறங்குறதுக்கு முன்னாடியே தெரியும் மாப்ள."

"ஆறு மாசமா?"

"பேரெல்லாம் எடுத்துட்டு நம்பர்தான் போடுவோம். யாரோடதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அதான் விதி."

"எனக்குமாடா தெரியக் கூடாது?"

டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். "சொன்னா நீ உடனே வெத்தல போடுறத நிறுத்திருவ. அடுத்த மாதிரிக்குள்ள அது எப்படி மாறுதுன்னு பாக்கணும்ல. அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்."

வைகாசியில் சோழவந்தான் பக்கம் ஒரு வீட்டில் அவன் என்னோடு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. நான் மென்றேன், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்ல தளிர் மாப்ள, இன்னொண்ணு போடு" என்று தட்டை என் பக்கம் தள்ளியதும் அவன்தான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் வாயைப் பிளந்து செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். பயந்தவன் வாய் எங்கே பார்த்தாலும் வெள்ளையாகத்தான் தெரியும். இணையத்தில் தேடினேன். முதல் பக்கத்திலேயே செத்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் நல்லெண்ணெய் கொப்பளித்துப் பிழைத்தேன்.

"ஏங்க, கண்ணாடிக்கிட்ட என்ன பல்லக் காட்டிக்கிட்டு?" என்றாள் மனைவி.

"பரம்பொருள் தெரியுதான்னு பாக்குறேன்" என்றேன். என் இரங்கல் கூட்டம் மனதில் நடந்துகொண்டிருந்தது. யார் யார் பேசுவார்கள் என்று பார்த்தேன். முதல் ஆளாக அவன் எழுந்து போய் மைக்கைப் பிடித்தான். அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

மறுநாள் மருத்துவர் ஒரு துளி சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை வீட்டில் எல்லோரிடமும் அநியாயத்துக்கு அன்பாக இருந்தேன், பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். முடிவு வந்தது. இன்னும் புற்று இல்லை. பாக்கை அறவே விடவேண்டும், விடாமல் வந்து காட்டவேண்டும். "கொஞ்சம் முன்னாலயே வந்திருக்கலாமே சார்" என்றார் மருத்துவர். எனக்கு யார் சொன்னார்கள், வர?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். இரண்டு சீப்பு வாழைப்பழமும் சோழவந்தான் வெற்றிலையும் வாங்கி வந்திருந்தான். என் மனைவியிடம் தட்டுக் கேட்டு வாங்கி, காம்பை எந்தப் பக்கம் வைப்பது என்று குழம்பி, அடுக்கி, என் முன்னால் நகர்த்தினான்.

"பாக்கு வைக்கல மாப்ள. உன் நல்லதுக்குத்தான்."

நான் போன எந்த வீட்டிலும் பாக்கு இல்லாத வெற்றிலை வாக்காகாது. அது வெறும் இலை. அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எங்கள் ஆய்வுக் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தோம். பாக்கு வைத்திருந்தால் நான் தொடவும் முடியாது.

தட்டு நடுவில் இருந்தது. அவன் வெகுநேரம் கத்தரிக்காய் விலை, மாட்டுத்தாவணி நெரிசல் என்று பேசினான். நான் ஒரு பழத்தை உரித்துத் தின்றேன். கடைசியில் எழுந்து, "வாரேன் மாப்ள, ஏதாச்சும் சொல்லுடா" என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் படம் எடுத்தாலும் எடுப்பான்.