புதன்கிழமை லேபும் நாலரை பஸ்ஸும்

போன வாரம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். ஆலங்காயத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். அப்பா காலமான பிறகு வாரத்தில் ஒரு தடவையாவது போய்விடுகிறேன். இருட்டுகிற நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், நிறுத்தத்துக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்துப் பஞ்சாயத்து ஆள் ஒருவர் பழைய மஞ்சள் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அண்ணாந்து பார்த்தபடி நகராமல் நின்றதில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னாக்கா அப்படிப் பாக்கற? எல்ஈடி போடறோம். கரண்டு கம்மி, வெளிச்சம் ஜாஸ்தி."

நல்ல விஷயம்தான். எனக்கு மட்டும் யாரோ எங்கள் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் இன்று கணக்கு டீச்சராக இருக்கிற கதையில் அந்த விளக்குக்கும் ஓர் இடம் உண்டு. முதல் இடம் பஸ்ஸுக்கு.

பிளஸ் டூ முடித்தபோது எனக்கு இயற்பியல் பைத்தியம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. காலேஜ் அட்மிஷனுக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் என்னோடு வந்தார். ஆபீஸ் ஜன்னலில் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"சார், பிசிக்ஸுக்கு லேபு உண்டாமே. எத்தன மணிக்கு வுடுவீங்க?"

"அஞ்சாய்டும். சில நாள் மேலயும் ஆவும்," என்றார் கிளார்க்.

எங்கள் ஊர்ப் பஸ் நாலரைக்கு. அதை விட்டால் நன்றாக இருட்டிய பிறகுதான். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"மேத்ஸே எடு பாப்பா. அதுக்கு இன்னா வேணும்? பேப்பரு, பேனா. பஸ்ல குந்திக்கினுகூட போடலாம்."

பஸ் நேரத்தைப் பார்த்துக் கணிதம் எடுத்தவள் என்னைத் தவிர யாராவது இருந்தால் சொல்லுங்கள், பார்க்க வேண்டும். அன்று முழுக்க அப்பாவோடு பேசவில்லை. கோபத்திலும் சாப்பாட்டை மட்டும் விடவில்லை.

ஒரே ஆறுதல், கணிதம் படிப்பவர்களுக்குத் துணைப்பாடமாக இயற்பியல் இருந்தது. அதற்கும் லேப் உண்டு, புதன்கிழமை மட்டும், நாலு மணிக்கு முடிந்துவிடும். துணைப்பாடத்துக்கு என்று ஒல்லியாக ஒரு புத்தகம் விற்பார்கள். பாஸ் பண்ண அது போதும். நான் வேலூரில் பழைய புத்தகக் கடையில் தேடி, இயற்பியலையே முதன்மையாகப் படிப்பவர்களின் குண்டுப் புத்தகத்தை வாங்கினேன். அட்டை கையோடு வந்துவிட்டது. அப்பா டேனரியில் கழித்துப் போட்ட ஆட்டுத்தோல் துண்டைக் கேட்டு வாங்கி வந்து, பசை தடவி அட்டை போட்டுக் கொடுத்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வெயில் ஏற ஏற அது தன் பூர்வீகத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

"இன்னாடி, இது புக்கா ஆட்டுக் கொட்டாயா?" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாள் ஷபானா. என் வகுப்புத் தோழி, லேபில் என் ஜோடி. "நமக்கு பாஸ் மார்க்கு போதும். எதுக்கு இந்தத் தலகாணிய தூக்கிக்கினு அலையற? பேஜாரு!"

அவளுக்கு லேப் என்றாலே அலுப்பு, கணக்கு என்றால் உயிர். அதனால் எங்களுக்குள் தகராறே வராது. கருவியில் கண்ணை வைப்பது நான், அளவுகளை வாங்கிக் கணக்குப் போட்டு முடிப்பது அவள்.

ஒரு புதன்கிழமை நிறமாலைமானி, வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கிற கருவி. இருட்டறையில் சோடியம் விளக்கு. அந்த விளக்குக்கு அவசரமே கிடையாது. முதலில் வெளிறிய ரோஜா நிறத்தில் விழிக்கும், பிறகு சோம்பல் முறித்து, மெல்ல மெல்ல மஞ்சளாகும். அன்று நடுவில் கரண்டு வேறு போய் வந்ததால் எல்லாம் முதலிலிருந்து. நாலு மணி தாண்டிவிட்டது. நெருக்கமாகக் கோடு கீறிய கண்ணாடி ஒன்று வழியே பார்த்தால் மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரியும். கருவியின் தொலைநோக்கியை இன்னும் தள்ளிக்கொண்டு போனால் அதுவே இரண்டாகப் பிரியும் என்று தலையணைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஒல்லிப் புத்தகத்தில் அது இல்லை.

"பஸ்ஸு போய்டும்டி, கெளம்பு," என்றாள் ஷபானா.

"தோ, ஒரே நிமிஷம்."

கண்ணை எடுக்காமல் திருகைத் திருப்பினேன். கோடு மங்கியது, கலங்கியது. பிறகு தெளிந்தபோது இரண்டு கோடுகள், நடுவே மயிரிழை அளவு இருட்டு. எவ்வளவு நேரம் பார்த்தேனோ, நாலரை பஸ் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டில் திருதிருவென்று நின்றவளை, ஷூ கம்பெனி வேனில் வேலை முடிந்து திரும்பிய எங்கள் ஊர் அக்காக்கள் பார்த்துவிட்டு, "ஏறுடி, ஏறு" என்று இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஊர் வந்தபோது நிறுத்தத்து விளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கி, இன்னும் ரோஜா நிறத்தில் இருந்தது. அதன் கீழே அப்பா, சைக்கிளைப் பிடித்தபடி. நாலரை பஸ் நான் இல்லாமல் வந்ததிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"லேபா?"

"ம்."

"அப்படி இன்னா பாத்த?"

சொன்னேன். ஒரு கோடு என்று நினைத்தது இரண்டு கோடு என்று. இந்த விளக்கும் லேபில் இருக்கிற சோடியம் விளக்குக்கு அண்ணன்தான் என்று. அப்பா அண்ணாந்து பார்த்தார். அது மஞ்சளாகி முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"பிசிக்ஸே எடுத்திருக்கலாம் நீ. தெனம் நான் வந்து நின்னிருந்தா முடிஞ்சி போயிருக்கும். எனக்குத் தோணல பாப்பா."

அப்போது இரண்டாம் வருடம் பாதி ஓடியிருந்தது. பாடத்தை மாற்ற வழியில்லை. எனக்கு அழுகையாக வந்தது, அது வருத்தத்தில் இல்லை. மறுநாளே அப்பா வேன் டிரைவரைப் பார்த்துப் பேசிவிட்டார். பிறகு புதன்கிழமைகளில் நான் லேபை விட்டுக் கடைசியாகத்தான் கிளம்புவேன். வேனில் வந்து இறங்கும்போது அப்பா விளக்கின் கீழே நிற்பார். "இன்னிக்கு இன்னா பாத்த?" என்பார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வரை கேட்டுக்கொண்டு வருவார்.

இப்போது ஷூ கம்பெனி வேன் அந்த வழியில் வருவதில்லை. ஆட்டுத்தோல் அட்டையைக் கரையான் தின்றுவிட்டது.

பஞ்சாயத்து ஆள் ஏணியிலிருந்து இறங்கி சுவிட்சைப் போட்டார். புது விளக்கு விழிக்கவுமில்லை, சோம்பல் முறிக்கவுமில்லை. போட்டதும் பளிச்சென்று எரிந்தது. அவர் சொன்னது சரிதான், வெளிச்சம் ஜாஸ்திதான். நிறுத்தம் முழுக்கத் தெரிந்தது. அப்பா சைக்கிளோடு நிற்கிற இடமும் நன்றாகத் தெரிந்தது.