மஞ்சள் படத்தில் ஒரு சிவப்பு

எங்கள் குடும்பத்தில் தீபாவளிக்கு என்ன நிறம் உடுத்துவது என்பதை என் ஓரகத்திதான் முடிவு செய்வார். என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். தீபாவளிக்கு மறுநாள் கிள்ளானில் அவர் வீட்டில் கூடி, எல்லாரும் ஒரே நிறத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வருஷத்தில் இளநீலம், கிளிப்பச்சை எல்லாம் வந்துவிட்டது. ஒரு வருஷம் சாம்பல் நிறம்கூட வந்தது. சிவப்பு மட்டும் வந்ததே இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் வருஷம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் சிவப்புச் சேலை ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து அதை எடுத்து மடித்து வைத்தார்.

"சிவப்பு உனக்கு எடுக்காதுலா. இன்னும் கறுப்பாத் தெரிவே."

கடைப்பெண்ணும் தலையாட்டினாள். அவளுக்கென்ன, யார் பேசினாலும் தலையாட்டத்தானே சம்பளம். ஆனால் அன்றைக்கு எனக்கு மிகவும் வலித்தது. அதற்குப் பிறகு சிவப்பில் ஒரு கைக்குட்டைகூட நான் வாங்கியதில்லை.

இந்த வருஷம் வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்தது. வெயில் தாங்க முடியவில்லை, பட்டு வேண்டாம், எல்லாருக்கும் மஞ்சள் டீ-ஷர்ட், அதில் வட்டம் வட்டமாக டிசைன். நான் உடனே பதில் போட்டேன்: "கடையில வாங்க வேணாம் அக்கா. நானே வீட்டுல முடிச்சு போட்டு சாயம் ஏத்தித் தரேன்." என் கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு எப்பலருந்து இவ்ளோ நல்ல மனசு?"

"பிறவியிலருந்து," என்றேன்.

ஒரு சனிக்கிழமை முழுக்க எங்கள் சுங்கை வே வீட்டுச் சமையலறை சாயப்பட்டறையானது. மொத்தம் ஒன்பது வெள்ளைச் சட்டைகள். துணியை அங்கங்கே கிள்ளித் தூக்கி, கடையில் பையில் கட்டித் தரும் டீயோடு வந்து சேர்ந்த ரப்பர் பேண்டுகளால் இறுக்கிக் கட்டினேன். படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, மஞ்சள்தூள் கொதித்த பானையில் இறக்கினேன். ஆறியதும் கட்டை அவிழ்த்தால், மஞ்சளுக்கு நடுவே வெள்ளை வளையங்கள். நானே எதிர்பார்க்காத அழகு. உதவிக்கு வந்த கணவருக்குப் பத்து விரலும் மஞ்சள். திங்கட்கிழமை ஆபீசில் கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு நடந்தாராம்.

ஏழு சட்டைகளைக் கிள்ளானுக்குக் கொடுத்தனுப்பினேன். கணவருடையதை இஸ்திரி போட்டு வைத்தேன். கடைசியாக மிஞ்சியது என்னுடையது.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். வெற்றிலைக் கடையில் ஒரு டப்பா சுண்ணாம்பு வாங்கிவந்து, கரைத்து, தெளிந்த நீரை வடிகட்டி, என் சட்டையை அதில் முக்கினேன். கண் மூடித் திறப்பதற்குள் சிவந்தது. அலசினால் நிறம் போய்விடும் என்ற பயத்தில் அலசாமலே காயப்போட்டேன். யாராவது கேட்டால், 'மஞ்சள்தான் போட்டேன், சோப்பு பட்டு மாறிவிட்டது' என்று சொல்வதாகத் திட்டம். ஒரு வருஷமாவது அந்தப் படத்தில் நான் சிவப்பில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

கிள்ளானில் போய் இறங்கினால் வீடு முழுக்க மஞ்சள். மாமனார்கூட வளையம் வளையமாக உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். அலசாத சுண்ணாம்பு முதுகில் அரிக்க ஆரம்பித்தது. சொறியாமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். கிட்டே வந்து, சட்டையின் நுனியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சோப்புல மாறிடுச்சு அக்கா," என்றேன், கேட்பதற்கு முன்பே.

"இந்த வீட்டுக்கு வந்த பொண்ணு மாப்பிள்ளைக்கெல்லாம் ஆலம் கரைச்சது நான். மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா என்ன ஆகும்னு எனக்கே கதை சொல்றியா?"

மாட்டிக்கொண்டேன். ஆரத்தித் தட்டை ஏந்தியே வயதானவரிடம் போய் இந்தப் பொய்யைச் சொல்லத் துணிந்திருக்கிறேன். கோபம் வந்தால் என் மூளை லீவு எடுத்துக்கொள்ளும். அது பழைய வியாதி. ஆனாலும் பின்வாங்குவதாக இல்லை. பன்னிரண்டு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த சண்டை தொண்டை வரை வந்து நின்றது.

அக்கா இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆனா நல்லா எடுக்குது உனக்கு. ஏன் இத்தனை வருஷமா சிவப்பே போடல?"

"நீங்கதானே வேணாம்னீங்க."

"நானா? எப்ப?"

நடிப்பு இல்லை. நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். அவருக்கு அந்தக் கடையும் ஞாபகமில்லை, அந்தச் சேலையும் ஞாபகமில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகச் சிரிப்பு வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டிருக்கும்போதே, போனை நாற்காலியில் சாய்த்து டைமர் வைத்துவிட்டு ஓடிவந்த கணவர் எங்களை வரிசைக்குள் இழுத்தார். அக்கா என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "சொல்லுலா, எப்ப சொன்னேன்?" என்று மறுபடியும் கேட்டார்.

படம் நன்றாக வந்திருக்கிறது. எட்டுப் பேர் மஞ்சளில் சிரிக்கிறார்கள். நான் சிவப்பில், அவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபடி நிற்கிறேன்.