அக்காவின் ஆராய்ச்சியில் நான்தான் ரவுடி

பொதுமக்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு: உலு திராம் வட்டாரத்தின் புதிய ரவுடி இன்று பதவியேற்றார். அடியேன்தான்.

என் அக்கா தாதியர் துறையில் மாஸ்டர்ஸ் செய்கிறாள். அவசரப் பிரிவில் கை ஓங்கும் உறவினர்களைத் தாதிகள் எப்படி மடக்குவது என்பதுதான் ஆராய்ச்சி. இன்று அதற்கான பயிற்சி. ரவுடியாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. பேராசிரியரோ வந்து உட்கார்ந்துவிட்டார். இன்று பயிற்சியை வீடியோ எடுக்காவிட்டால் அக்காவுக்கு இன்னொரு செமஸ்டர் போய்விடும்.

"டேய், நீ பண்ணுடா. போதும்னா கையத் தூக்கு, நிறுத்திடுவாங்க" என்றாள் அக்கா.

விடுவேனா? நாற்காலியை உதைத்தேன். டிராலியைக் கவிழ்த்தேன். "எங்கப்பா உள்ள சாகுறாரு, நீங்க இங்க கதை பேசுறீங்களா?" என்று மேசையில் ஓங்கிக் குத்தினேன். தாதிகள் இருவர் பயந்து பின்வாங்கினார்கள்.

கை பயங்கரமாக வலித்தது. போதும் என்று தூக்கினேன்.

குத்தும்போது மடக்கிய விரல்களை விரிக்க மறந்துவிட்டேன்.

எதிரே நின்ற இன்னொரு தாதி ஜெயா அக்கா, வேலையில் ஒருமுறை நிஜமாகவே அறை வாங்கியவர். முஷ்டியைப் பார்த்ததும் பாய்ந்தார். என் கை முதுகுக்குப் போனது, கன்னம் தரைக்குப் போனது.

"அசைஞ்ச, ஒடச்சிருவேன்!"

பேராசிரியர் "பாகுஸ்! பிரமாதம்!" என்று கைதட்டினார். அக்காவின் செமஸ்டர் பிழைத்தது.

ரவுடி என்று சொன்னேன் அல்லவா? வீடியோவில், "விடுங்கக்கா, அம்மாகிட்ட சொல்லிருவேன்" என்று ஓர் அழுகுரல் கேட்கிறது. அது ஜெயா அக்காவுடையது அல்ல.

சத்தத்தை மட்டும் அழிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கீங்களா லா?