சந்தைக்குள் சிக்கிய எங்கள் வண்டி

தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறைக்கு நானும் கணவரும் ஏழு வயது மகள் சுபாவும், படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டர்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு லண்டன் கிங்ஸ்பரியிலிருந்து பிரான்சுக்குப் போனோம். மூன்றாம் நாள் மாலை, இரவு வண்டியை நிறுத்தித் தங்கத் தேடிப்போன காம்ப்சைட்டில் இடமில்லை. பக்கத்து ஊர்த் தேவாலயத்தின் முன்னால் பெரிய வெளி இருந்தது. அங்கிருந்த பிரெஞ்சு அறிவிப்புப் பலகை எங்களுக்கு விளங்கவில்லை.

"ஒரு இரவுதானே, இதிலயே நிப்பம்" என்றார் கணவர்.

விடியும்போது சுபாவுக்கு ஆஸ்துமா இழுப்பு வந்துவிட்டது. "அம்மா, மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு" என்றாள். இன்ஹேலரை அழுத்தினால் வெறும் காற்றுத்தான் வந்தது. பதறிப்போய்த் திரையை விலக்கினேன். வண்டியைச் சுற்றி நான்கு பக்கமும் சந்தைக் கடைகள்! அன்று சந்தை நாள் என்பதைத்தான் அந்தப் பலகை சொல்லியிருக்கிறது.

"வண்டியை அசைக்கவே ஏலாதப்பா" என்று கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, தமிழிலும் ஆங்கிலத்திலும் கத்தினேன். எல்லோரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை. சுபாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. இன்ஹேலரை உயர்த்திக் காட்டினேன். மீன் விற்ற பெண் ஒருத்தி ஓடிவந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு கடைகளுக்கிடையே ஓடி, பூட்டியிருந்த மருந்துக்கடையைத் தட்டித் திறப்பித்தாள்.

சுபா பிழைத்தாள். சந்தை கலைந்து வண்டி வெளியே வர மத்தியானம் ஆனது.

இப்போதெல்லாம் பயணம் போனால் பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே, பதிவு செய்த காம்ப்சைட்டுக்குள் போய்விடுவோம். புது இன்ஹேலர் இரண்டு என் கைப்பையில் இருக்கும். "என்னத்துக்கு இவ்வளவு பயம்?" என்று கணவர் கேட்பதேயில்லை.