மருந்து என்கிற சொல்

வல்லத்தில் இருக்கும் என் தங்கை இரண்டு பவர் ஸ்பிரேயர் வைத்துக்கொண்டு, சுற்று ஊர்களின் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொல்லைகளுக்குப் பூச்சிமருந்து அடித்துத் தருகிறாள். ஆறு வருஷமாக விவசாயிகள் செல்போனில் அவளுடைய சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய எண்களும் செய்திகளும் அதற்குள்ளேயே இருந்தன. இலைப்புள்ளி நோய் விழும் பருவத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் பக்கம் மூடப்பட்டிருந்தது.

காரணம், முந்தின நாள் அவள் போட்ட ஒரு வரி: "நல்ல மருந்து வந்திருக்குது. அடிக்கணும்னா கூப்புடுங்க." போதைப்பொருள் விற்பனை என்று அந்த ஊடக நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு முடிவு செய்துவிட்டது.

எதையும் தேதி, நேரம் போட்டு எழுதிவைப்பவன் என்பதால் புகார் வேலை என்னிடம் வந்தது. இத்தகைய பெரிய நிறுவனங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கணினி மையத்தில் உட்கார்ந்து, மருந்து என்றால் என்ன, அடிப்பது என்றால் என்ன என்று ஒரு பக்கம் விளக்கி, ஸ்பிரேயரின் படத்தையும் சேர்த்து 10.42-க்கு அனுப்பினேன். 10.46-க்குப் பதில் வந்தது. பரிசீலித்தார்களாம், முடிவில் மாற்றமில்லையாம். நான் எழுதிய அந்த விளக்கத்தை நிதானமாக வாசிக்க எனக்கே ஆறு நிமிடம் ஆகும்.

அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கும் இணையத்தில் எழுதினேன். பெற்றுக்கொண்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அதன்பின் 'பரிசீலனையில்' என்ற ஒரே சொல். தினமும் காலையில் பார்த்துக் குறித்தேன். பதில் சொல்ல வேண்டும் என்று விதி எழுதியவர்கள், ஒரு மனிதர் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள்.

"தண்ணி அடிக்கிறோம்னு போட்டுப் பாரு, விட்டுடுவான்," என்றார் தங்கையின் வீட்டுக்காரர். அவள் சிரிக்கவில்லை. இரண்டு ஸ்பிரேயரும் கூடத்தில் சும்மா கிடந்தன. இலைகள் கொல்லையில் கருகிக்கொண்டிருந்தன.

கடைசியில் புதிய பக்கம் தொடங்கினோம். என் யோசனைப்படி, 'பயிர்ப் பாதுகாப்புத் தெளிப்பு செய்து தரப்படும்' என்று எழுதினாள். அந்த வாரம் முழுக்க வந்தது ஒரே அழைப்பு, தொண்டூரிலிருந்து.

"தெளிப்புன்னு போட்டிருக்குதே, இன்னாம்மா அது? வாசல் தெளிக்க ஆள் அனுப்புவீங்களா?"

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு, யாரோ ஒட்டுக்கேட்பது போல, போனைக் கையால் மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"மருந்துதாங்க. மருந்து அடிக்கிறது."