கருகிய கோட்டும் என் அக்காவின் வழக்கும்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். "கர்த்தர் பாத்துக்குவாரு" என்பாள். கேட்கிறவர்களுக்கு அது பக்தியாகத் தெரியும். ஒரே வீட்டில் குடியிருக்கிற எனக்கல்லவா தெரியும், அது குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட சாபம் என்று.

அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பட்டும் கம்பளியும் அவள் மேசைக்குத்தான் வரும். ஒருநாள் அங்கே சூப்பர்வைசர், வீட்டில் நாங்கள் வைத்த பெயர் நெட்டையன், ஒரு விருந்தாளியின் கோட்டை அவசரமென்று தானே தேய்க்க எடுத்தான். போனில் யாரிடமோ இளித்துக்கொண்டே பெட்டியை அதன் முதுகில் வைத்தபடி மறந்துவிட்டான். கோட்டு கருகியது. அறையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஆளில்லை. மேனேஜர் வந்து கேட்டதும், "இவதான் சார்" என்று அக்காவைக் கைகாட்டினான். அன்றோடு அவளை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு மாற்றினார்கள். யார் யாரோ வாந்தியெடுத்த விரிப்புகளை உதறுவது அவள் வேலையாயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். கருக்கியது நான்தான் என்று அவன் தன் வாயால் சொல்ல வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நீயே மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லேன்க்கா" என்றேன்.

"எதுக்குடி? மேல ஒருத்தர் எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே இருந்தாரு."

அதன்பிறகு நெட்டையன் தும்மினாலும் அது தீர்ப்புதான். அவனுக்குப் பல்வலி வந்த வாரம் அக்கா பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தபோதுதான் கொஞ்சம் ஆடிப்போனாள். பிறகு, உயரத்திலிருந்து விழுந்தால் அடி பலமாகப் படுமென்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள். கடவுளுக்கே தோன்றியிருக்காத யோசனை.

கடைசியில் வழக்கைச் சபையின் ஜெபக் கூட்டத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே அவரவர் ஜெபக் குறிப்பை எழுந்து நின்று சொல்ல வேண்டும், எல்லோரும் அதற்காக ஜெபிப்பார்கள். அவன் நாசமாய்ப் போக வேண்டுமென்று நாலு பேர் நடுவில் சொல்ல முடியுமா? "எங்க சூப்பர்வைசருக்காக ஜெபிங்க. பாவம், இருட்டுல கெடக்காரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிச்சத்தை ஆண்டவர் புரிந்துகொள்வார் என்று நினைப்பு. சபையார் உருகிவிட்டார்கள். உபவாசம் இருந்தார்கள். போதாதென்று இரண்டு பேர் அவன் வீட்டுக்கே போய் வேதம் வாசித்தார்கள்.

நெட்டையன் மனந்திரும்பிவிட்டான். ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டு, எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தான் திருந்திய கதையைச் சபைக்குச் சாட்சியாகச் சொல்ல மைக்கைப் பிடித்தான். குடித்தது, பெண்டாட்டியை அடித்தது, சூதாடியது என்று கோர்வையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் சபை "ஸ்தோத்திரம்" போட்டது. அடுத்தது கோட்டுதான் என்று அக்கா என் கையைப் பிசைந்துகொண்டே காத்திருந்தாள். கோட்டு வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அவனே அவளைத் தேடி வந்தான். "சகோதரி, உங்க ஜெபத்தாலதான் நான் இன்னைக்கு இங்க நிக்கறேன்."

அக்கா கேட்டேவிட்டாள். "அந்தக் கோட்டு?"

அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு சகோதரி. ஆண்டவரே மறந்துட்டாரு. நீங்கதான் பாவம், இன்னும் மனசுல வச்சிருக்கீங்க." சொன்னதோடு விடாமல், கண்ணை மூடி, அவளுடைய கசப்பு நீங்கும்படி ஒரு ஜெபமும் செய்தான். எனக்கு அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. கண்ணை வேறு மூடியிருந்தான், வசதியாகத்தான் இருந்தது.

அக்கா அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு முழங்கால் போட்டாள். நானும் பக்கத்தில் போட்டேன். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஆண்டவரே, நீங்க மறந்துட்டீங்கன்னு அவன் சொல்றான். அதனால மொதல்ல இருந்து சொல்றேன், கேட்டுக்கோங்க. சாம்பல் கலர் கோட்டு. பெட்டி அவன் கையில இருந்துச்சு."