மாமனார் பார்க்க மாட்டிய சைலன்சர்

என் சித்தியின் மூன்றாவது மகனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஒட்டடைக்கம்பு. கூப்பிடுவது ஒட்டடை. அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. அப்படிப்பட்டவன், குனிந்தே நடமாட வேண்டிய ஒரு வீட்டில் போய் வாழ்க்கைப்பட்டான்.

ஆமாம், வாழ்க்கைப்பட்டான் என்றுதான் சொல்வேன். பெண் ஒரே மகள், தாயில்லாதவள். மாப்பிள்ளை வீட்டோடு இருக்க வேண்டும் என்றார் மாமனார். இவனும் தலையாட்டினான். கொடுத்தது உள்ளறை. வெளியே வர மாமனாரின் கட்டிலைத் தாண்டித்தான் வர வேண்டும். பன்னிரண்டு வருஷம் தாண்டினான். ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணைத் திறக்காமலே, "எங்க மாப்பிள்ளை கிளம்பிட்டீங்க?" என்பார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

பிறகு வெளியூரில் ஒரு வேலை அமைந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சொந்தக் கார் வேண்டும். குடியிருக்க இரண்டு அறை வீடு அவர்களே தருவார்கள். புதன்கிழமை நாலு மணிக்குள் காரைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. போய்ச்சேரவே மூன்று மணி நேரம். செவ்வாய்க்கிழமை பார்த்து, துருப்பிடித்த சைலன்சர் இற்று நடுத்தெருவில் விழுந்தது. கார் போட்ட சத்தத்துக்கு அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெக்கானிக்கோ கல்யாணத்துக்குப் போயிருந்தான். புதிய சைலன்சரை வாங்கி வந்து, "நானே மாட்டிடுறேன்" என்றான் ஒட்டடை.

புதன் காலை காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, முட்டுக் கொடுத்து, அடியில் நுழைந்தான். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கால்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார் மாமனார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் வண்டிகளின் அடிவயிற்றைப் பார்த்தவர் அவர். ஆனால் அவர் வீட்டை விட்டுப் போவதற்கு அவரிடமே யோசனை கேட்க இவனுக்கு வாய் வரவில்லை.

"தூங்கிட்டீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா."

"கால் ஆடலயே, அதான் கேட்டேன்."

பழைய நட்டுகளைக் கழற்றவே பத்து மணி தாண்டிவிட்டது. புதியதை முன்குழாயோடு சேர்த்து, இரண்டு நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். பிசகியது அங்கேதான். எல்லா இடத்திலும் தளர்வாக மாட்டி, பின்பக்கத்து ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டு, நேர் பார்த்து, கடைசியில்தான் இறுக்க வேண்டும். இப்போது பின்கொக்கி வளையத்துக்கு இரண்டு விரற்கடை எட்டவில்லை. தள்ளினான், இழுத்தான், குத்தியும் பார்த்தான். மறுபடி கழற்றலாம் என்று ஸ்பேனரைப் போட்டுத் திருகினால், முன்குழாயில் பதிந்திருந்த போல்ட்டு மடக்கென்று முறிந்தது. அதைப் பட்டறையில் வைத்துக் குடைந்துதான் எடுக்க வேண்டும். மணி பன்னிரண்டே முக்கால்.

"ஒடஞ்சிருச்சா?" என்றார் மாமனார். அவருக்கு அந்தச் சத்தம் தெரியும்.

மகள் ஓடி வந்தாள். "என்னாச்சுப்பா?"

"முன்பக்கத்த முதல்லயே இறுக்கிட்டார். லூசா மாட்டியிருக்கணும்."

"எப்ப இறுக்கினார்?"

"பத்தரை இருக்கும்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"அவர் கேக்கலயேம்மா."

அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை மடக்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் போகாவிட்டால் போதும் அவருக்கு. வேறு என்ன கெட்டெண்ணம்?

வேலை தருகிறவர்களுக்கு அவள் போன் போட்டுக் கெஞ்சினாள். அடுத்த ஆள் காரோடு வந்து நிற்கிறானாம், நாலு மணிக்கு மேல் ஒரு நிமிஷமும் முடியாதாம். அதைக் காரடியில் கிடந்தவனிடம் சொன்னாள். கால்கள் அசையவில்லை. அவள் தரையில் முட்டிபோட்டுக் குனிந்தாள்.

"வெளிய வாங்க."

"வந்து?" என்றான் ஒட்டடை.